மருந்து வாசனை

(நம் பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



போன மாதம் செயலாளர் போன் பண்ணி, "வாழ்க்கையில் வெற்றி என்ற தலைப்பில் இருபது நிமிஷம் பேசணும்" என்றார். எனக்கு முப்பத்தாறு வயசு. வெற்றியைப் பற்றிப் பேச வயசும் போதாது, சரக்கும் போதாது. "தோல்வி ஒண்ணு கைவசம் இருக்கு, அதைப் பேசலாமா ஸார்?" என்று கேட்டேன். "எதில் தோல்வி?" என்றார். "தண்ணீர் ஃபில்டரில்" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். (சிரிப்பு) பெரிய மனசு பண்ணி ஒப்புக்கொண்டார். அவருக்கு என் நன்றி.

முதலில் நம் கெமிஸ்ட்ரி லேப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். முதல் வருஷத்தில் தண்ணீரின் கடினத்தன்மை கண்டுபிடிக்கும் பரிசோதனை எல்லோரும் செய்திருப்பீர்கள். இருபது மில்லி தண்ணீர், மூக்கைத் துளைக்கும் அம்மோனியா பஃபர் கொஞ்சம், இண்டிகேட்டர் இரண்டு சொட்டு. ப்யூரெட்டிலிருந்து ஈ.டி.டி.ஏ. சொட்டு சொட்டாக விழ, ஒயின் சிவப்பு நீலமாக மாற வேண்டும். நான் அந்த நீலத்தைப் பார்த்தவனே இல்லை. முன் பெஞ்சு நண்பன் 11.2 என்று எழுதினால் நான் 11.3 என்று எழுதுவேன். அவனும் சொந்தமாக எழுதவில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. (சிரிப்பு) அன்று ஏமாற்றிய அந்தப் பரிசோதனை பல வருஷம் கழித்து என் வீட்டு வாசலில் வந்து நின்றது. இந்தப் பேச்சு அதைப் பற்றித்தான்.

நான் மெக்கானிக்கல். பம்பு, வால்வு, பைப்லைன் இதுதான் பிழைப்பு. தண்ணீரைத் தள்ளத் தெரியும், தூக்கத் தெரியும். அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் மட்டும் கிடையாது.

நம் குழாயில் வருவது எந்தத் தண்ணீர்?

சென்னைவாசிகள் "தண்ணி வந்துதா?" என்று கேட்பார்களே தவிர, "எந்தத் தண்ணி?" என்று கேட்பதில்லை. 1772-ல் கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்கக் கிணறுகள் வெட்டினார்கள். ஏழு கிணறு என்ற பேட்டைப் பெயர் இன்றும் இருக்கிறது. 1872-ல் செங்குன்றம் ஏரியிலிருந்து தண்ணீர் வந்தது. 1914-ல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் வந்தன. 1944-ல் பூண்டி. 1978-ல் குடிநீர் வாரியம், அதாவது நாம் மெட்ரோ வாட்டர் என்கிறோமே, அது ஏற்பட்டது. 1996-ல் கிருஷ்ணா தண்ணீர், 2004-ல் வீராணம், 2010-ல் மீஞ்சூரில் கடல்நீர், 2013-ல் நெம்மேலியில் கடல்நீர், 2024-ல் நெம்மேலியிலேயே இரண்டாவது ஆலை.

இவ்வளவும் கலந்து வருவதுதான் மெட்ரோ தண்ணி. அதோடு வீட்டு போர் தண்ணி, பற்றாக்குறை வந்தால் லாரித் தண்ணி, குடிக்கக் கேன் தண்ணி. ஒரே சம்ப்பில் ஜனவரியில் ஒரு தண்ணீர், ஜூனில் வேறு தண்ணீர். ஆகவே "எங்க ஏரியாவுக்கு எந்த ஃபில்டர் நல்லது?" என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. ஏரியாவைக் கேட்டுப் பயனில்லை. உங்கள் சம்ப்பைத்தான் கேட்க வேண்டும்.

மயிலாப்பூர்: என் வீடு

எங்கள் வீடு மயிலாப்பூரில், தெப்பக்குளத்துக்கு நடந்து போகிற தூரம். தாத்தா காலத்து ஓட்டு வீட்டை இடித்து அப்பா கட்டிய மாடி வீடு. தரைக்கு அடியில் ஐயாயிரம் லிட்டர் சம்ப்பு, மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் டேங்க். பாட்டி இருந்தவரை மண்பானையின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை இழைத்துத்தான் தண்ணீர் ஊற்றுவார். அம்மா காலத்தில் கொதிக்க வைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, எவர்சில்வர் குடத்தில் ஊற்றி வைப்பது. காலை ஐந்தரைக்கு அந்தப் பாத்திரம் அடுப்பில் ஏறும் சத்தம்தான் எனக்கு அலாரம்.

2019 கோடையை மறந்திருக்க மாட்டீர்கள். ஏரிகள் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. எங்கள் தெருவில் ராத்திரி இரண்டு மணிக்கு லாரி வரும். அந்த வருஷம் சம்ப்பில் இறங்கிய வண்டல், அதற்குப் பிறகு குழாயில் கலங்கலாக வந்துகொண்டே இருந்தது. அப்பா வேட்டியெல்லாம் பழுப்பு. "இஞ்சினியர் பையன் இருக்கிற வீட்டில் இப்படியா?" என்று அவர் ஒருநாள் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

2021 மே மாதம் முழு வீட்டுக்கும் ஃபில்டர் போட்டேன். சம்ப்பிலிருந்து பம்பு, பம்பிலிருந்து மணல் ஃபில்டர், அதிலிருந்து கார்பன் ஃபில்டர், அங்கிருந்து மாடி டேங்க். பத்து அங்குல விட்டம், ஐம்பத்து நாலு அங்குல உயரத்தில் இரண்டு உருளைகள், தலையில் பல வழி வால்வு. பைப் வேலையெல்லாம் சேர்த்து 62,000 ரூபாய். வாசல் பக்கத்தில் நீல நிறத்தில் இரண்டு துவாரபாலகர் மாதிரி நின்றன. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது. மெட்ரோ தண்ணியில் அடிக்கும் குளோரின் வாசனை சுத்தமாகப் போய்விட்டது. அம்மாவிடம், "இனிமே கொதிக்க வைக்க வேண்டாம்மா, கேஸ் வேஸ்ட்" என்றேன். அம்மா, "ஒரு கொதி வந்தாத்தான்டா எனக்கு மனசு ஆறும்" என்றார். நான் விடவில்லை. படித்த பிள்ளை சொல்கிறானே என்று பாத்திரத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா பட்டினப்பாக்கத்திலிருந்து வருபவர். தினமும் போகும்போது எங்கள் குழாயில் இரண்டு குடம் பிடித்துக்கொண்டு போவார். ஃபில்டர் போட்ட மறு வாரம், "தம்பி, முன்னெல்லாம் தண்ணியிலே மருந்து வாசனை வரும், இப்ப வரவே இல்லியே?" என்று கேட்டார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். "அதுக்குத்தான் அக்கா அவ்வளவு செலவு" என்று சொன்னேன்.

நண்பர்களே, அந்த வீட்டில் இஞ்சினியர் மாதிரி யோசித்த ஒரே ஆள் அந்த அக்காதான்.

2021 நவம்பர் மழை ஞாபகம் இருக்கும். தி.நகர் தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர். எங்கள் தெருவிலும் இரண்டு நாள் தேங்கி நின்றது. வடிந்த அடுத்த வாரம் என் மகளுக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. நாலு வயசுக் குழந்தை. முதல் நாள் வீட்டு வைத்தியம். இரண்டாம் நாள் ராத்திரி கண் சொருகி, நாக்கு வறண்டு, கூப்பிட்டால் பதில் இல்லை. தூக்கிக்கொண்டு ஓடினோம். நாலு நாள் டிரிப்ஸ் ஏறியது. டாக்டரம்மா, "குடிக்கிற தண்ணி என்ன தண்ணி?" என்று கேட்டார். "முழு வீட்டுக்கும் ஃபில்டர் போட்டிருக்கேன் டாக்டர்" என்றேன், பெருமையாக. அவர் நிமிர்ந்து பார்த்தார். "டெஸ்ட் பண்ணீங்களா?" என்றார்.

பண்ணவில்லை. 62,000 ரூபாய் செலவழித்தவன், சில நூறு ரூபாய் செலவாகும் பரிசோதனையைச் செய்யவில்லை. லேப்பில் 11.3 எழுதிய கையல்லவா!

பரிசோதனை சொன்ன பாடம்

கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் நம் ஊரில் நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. கிருமி பரிசோதனைக்குத் தண்ணீரை வீட்டுப் பாட்டிலில் பிடிக்கக் கூடாது, கிருமி நீக்கிய பாட்டில் வேண்டும், ஐஸில் வைத்து அன்றே கொண்டு போக வேண்டும் என்பதெல்லாம் அப்போதுதான் கற்றுக்கொண்டேன். மூன்று இடத்தில் தண்ணீர் பிடித்தேன்: தெருவிலிருந்து வரும் மெட்ரோ குழாய், சம்ப்பு, அடுப்படிக் குழாய். மூன்றிலும் குளோரினையும் பார்த்தேன். அதற்கு ஒரு சின்ன மாத்திரை போதும். ரோஸ் நிறம் வந்தால் குளோரின் இருக்கிறது என்று அர்த்தம்.

தெருக் குழாய்த் தண்ணீர் ரோஸ் நிறம் காட்டியது, கிருமி இல்லை. சம்ப்புத் தண்ணீரில் ரோஸ் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது, கிருமி கொஞ்சம். அடுப்படித் தண்ணீரில் நிறமே இல்லை, கிருமி அதிகம், அதில் ஈ.கோலையும் உண்டு. குடிநீர்த் தரம் பற்றிய இந்தியத் தர நிர்ணயத்தின்படி 100 மில்லியில் ஈ.கோலை ஒன்றுகூடத் தென்படக் கூடாது. அதாவது, தெருவில் வந்த தண்ணீர் நல்ல தண்ணீர். என் ஃபில்டரைத் தாண்டி வந்த தண்ணீர்தான் கெட்ட தண்ணீர்.

காரணத்தைச் சொல்கிறேன். எங்கள் சம்ப்பிலிருந்து நாலடி தூரத்தில் கழிவுநீர்த் தொட்டி. சம்ப்புச் சுவரில் மயிரிழை விரிசல். மழையில் நிலத்தடி நீர் ஏறியபோது வெளித் தண்ணீர் உள்ளே கசிந்திருக்கிறது. அந்த விரிசல் ஒரே நாளில் வந்ததல்ல, பல வருஷமாக இருந்திருக்கும். ஆனால் அப்போதெல்லாம் இரண்டு காவல் இருந்தது. ஒன்று, மெட்ரோ தண்ணீரோடு வந்த குளோரின். அது சம்ப்பிலும் மாடி டேங்க்கிலும் நின்று வேலை செய்துகொண்டிருந்தது. இரண்டு, அம்மாவின் அடுப்பு.

கார்பன் ஃபில்டரின் வேலையே குளோரினை எடுப்பது. அதை நான் மாடி டேங்க்குக்கு முன்னால் வைத்தேன். ஆக, ஆயிரம் லிட்டர் தண்ணீர் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் வெயிலில் மொட்டை மாடியில் நின்றது. போதாததற்குக் கார்பன் படுகை தண்ணீரில் உள்ள கரிமப் பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குளோரின் இல்லாத அந்த இடத்தில் கிருமி சௌகரியமாகக் குடித்தனம் நடத்தும். முதல் காவலை நானே பணம் கொடுத்து நீக்கினேன். இரண்டாவது காவலை, "கேஸ் வேஸ்ட்" என்று சொல்லி நீக்கினேன். மகளுக்கு வந்தது இதனால்தான் என்று கோர்ட்டில் நிரூபிக்க என்னால் முடியாது. ஆனால் எனக்கு நிரூபணம் தேவைப்படவில்லை.

குழந்தை வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்துத்தான் இன்னொன்று தெரிந்தது. வேலை செய்யும் அக்காவின் பையனுக்கும் அதே வாரம் அதே தொந்தரவு. அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பிழைத்துக்கொண்டான். "ஏன் அக்கா சொல்லலை?" என்றேன். "பாப்பாவே ஆஸ்பத்திரியில இருக்கும்போது என்னன்னு தம்பி சொல்றது?" என்றார். அந்த இரண்டு குடமும் என் குழாயில் பிடித்தது. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

தி.நகர்: அக்கா வீடு

அதற்குப் பிறகு சொந்தக்காரர், நண்பர் யார் வீட்டில் ஃபில்டர் என்று பேச்சு எடுத்தாலும் கையில் டெஸ்ட் கிட்டோடு போய் நிற்கிறேன். என் சொந்த அக்கா இருப்பது தி.நகரில், பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஃப்ளாட். தி.நகரே ஒரு காலத்தில் ஏரி. லாங் டேங்க் என்று வெள்ளைக்காரர் எழுதிய அந்த ஏரியை 1920-களில் வற்ற வைத்து எழுப்பிய ஊர் அது. இன்று அந்த ஃப்ளாட்டின் போரில் வருவது உப்புத் தண்ணி. ஷவரில் பாதித் துளை அடைத்துக்கொண்டது, கீசர் வருஷத்துக்கு ஒன்று போகிறது, தலைமுடி கொட்டுகிறது என்று புகார்.

அசோஸியேஷன் மீட்டிங்கில் ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்து வேடிக்கை காட்டினார். இரண்டு கிளாஸ். ஒன்றில் போர் தண்ணி, இன்னொன்றில் அவருடைய ஆர்.ஓ. தண்ணி. இரண்டிலும் கம்பி விட்டு கரண்ட் கொடுத்தார். போர் தண்ணி பழுப்பாகி நுரைத்து, பார்க்கவே குமட்டியது. "இதைத்தான் இத்தனை நாள் குடிக்கிறீங்க" என்றார். மாமிகள் முகம் வெளுத்துவிட்டது. நான் எழுந்து போய் ஆர்.ஓ. கிளாஸில் ஒரு சிட்டிகை சமையல் உப்பு போட்டு, மறுபடி கரண்ட் கொடுக்கச் சொன்னேன். அதுவும் பழுப்பாயிற்று. (சிரிப்பு) விஷயம் இதுதான்: உப்புக் கரைந்த தண்ணீரில் கரண்ட் ஓடும், ஓடினால் அந்த இரும்புக் கம்பியே அரித்துக் கரையும். அந்தப் பழுப்பு கம்பியிலிருந்து வந்தது, தண்ணீரிலிருந்து அல்ல. தம்பி தங்கைகளே, இதற்கு ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி போதும். ஆனால் அந்த அறையில் நாலு இஞ்சினியர்கள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு நானே ப்யூரெட் பிடித்தேன். 20 மில்லி தண்ணீருக்கு 11.2 மில்லி ஈ.டி.டி.ஏ. போயிற்று. வாழ்க்கையில் முதல்முறையாக அந்த நீலத்தைப் பார்த்தேன்! 11.2-ஐ 50-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 560 மில்லிகிராம் கடினத்தன்மை. 200 வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை பரவாயில்லை என்பது இந்தியத் தரம்.

இதற்கு மருந்து சாஃப்ட்னர். அதிலுள்ள ரெசின் கால்சியம், மெக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். நிறைந்ததும் உப்புக் கரைசல் விட்டு ரெசினைப் புதுப்பிக்க வேண்டும். கணக்கு எளிது. ஒரு லிட்டர் ரெசின் ஏறக்குறைய 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். 50 லிட்டர் ரெசின் என்றால் 2,500 கிராம். இந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 0.56 கிராம். ஆக 4,400 லிட்டருக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அந்த ஃப்ளாட்டுக்கு அது ஒரு நாள் போர் தண்ணி. ஒவ்வொரு தடவையும் ஏழரைக் கிலோ உப்பு. மாதம் 225 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டை ஒன்பது! இதை விற்க வந்தவர் சொல்லவே இல்லை. டி.டி.எஸ். அதனால் குறையாது என்பதையும் சொல்லவில்லை.

நாங்கள் செய்தது மூன்று. மெட்ரோ தண்ணியையும் போர் தண்ணியையும் ஒரே டேங்க்கில் கலப்பதை நிறுத்தி, மெட்ரோ தண்ணியை அடுப்படிக்கு மட்டும் தனி லைன் ஆக்கினோம். போர் தண்ணியில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் சாஃப்ட்னரில் விட்டு, மீதியை நேரே கலந்து, கடினத்தன்மை 200-க்குக் கொஞ்சம் கீழே வருமாறு வைத்தோம். ஒன்பது மூட்டை ஆறு மூட்டையாயிற்று. மூன்றாவது, 2003-ல் எல்லாக் கட்டிடங்களுக்கும் கட்டாயம் ஆக்கினார்களே மழைநீர் சேகரிப்பு, அந்தக் குழியைத் திறந்து பார்த்தோம். மணலும் தேங்காய் மட்டையும் அடைத்துக் கிடந்தது. தூர் வாரினோம். இரண்டு மழைக்காலம் கழித்து மறுபடி சொட்டு எண்ணினேன். குறைந்திருந்தது. மெள்ளத்தான் குறையும், ஆனால் அதற்கு மூட்டை வாங்க வேண்டாம்.

அடையாறு: நண்பன் வீடு

நம் பேட்ச் நண்பன் ஒருவன் அடையாறில் இருக்கிறான். பெயர் சொன்னால் அடிப்பான், இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். (சிரிப்பு) அவன் வீட்டு போர் தண்ணி மக்கில் பிடிக்கும்போது தெளிவாக இருக்கும். அரை மணி கழித்துப் பார்த்தால் செம்மஞ்சள். பாத்ரூம் டைல்ஸ் எல்லாம் துரு. யார் பேச்சையோ கேட்டு சாஃப்ட்னர் போட்டான். ஐந்தே மாதத்தில் ரெசின் செங்கல் நிறமாகி வேலை நிறுத்தம் செய்துவிட்டது.

அது இரும்பு. நிலத்தடியில் காற்றுப் படாமல் கரைந்திருக்கும்போது இரும்புக்கு நிறம் கிடையாது. காற்றுப் பட்டால் துருவாகி வெளியே வரும். லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் தாண்டினாலே துணியில் கறை பிடிக்கும். அவன் வீட்டில் 2.4. கரைந்திருக்கும் இரும்பை மணல் ஃபில்டர் பிடிக்காது. சாஃப்ட்னர் பிடிக்கும், பிடித்துக்கொண்டு செத்துப்போகும். முதலில் துருப்பிடிக்க விட்டு, பிறகு வடிகட்ட வேண்டும். போர் தண்ணியை ஒரு தனி டேங்க்கில் ஷவர் மாதிரித் தூவி விழ வைத்தோம். சில மணி நேரம் தெளிய விட்டு, மாங்கனீஸ் டை ஆக்ஸைடு கலந்த மணல் ஃபில்டரில் விட்டோம். பழைய சாஃப்ட்னரின் விலையில் பாதிகூட ஆகவில்லை. இதற்கான முதல் பரிசோதனைக்குப் பணமே வேண்டாம்: வெள்ளை பக்கெட்டில் தண்ணீர் பிடித்து ராத்திரி வைத்துவிட்டு, காலையில் அடியில் என்ன நிறம் என்று பாருங்கள்.

வீடு கட்டப் போகிறவர்களுக்கு

இனி, வீட்டுக்கு ஃபில்டர் போட நினைப்பவர்களுக்கு நான் விலை கொடுத்து வாங்கிய சில குறிப்புகள்.

ஒன்று: முதல் செலவு பரிசோதனை. கோடையில் ஒரு தடவை, மழை விட்டதும் ஒரு தடவை. தெரு, சம்ப்பு, அடுப்படி என்று மூன்று இடத்திலும்.

இரண்டு: அடுத்த செலவு சம்ப்பு. காலி செய்து, இறங்குவதற்கு முன் மூடியைத் திறந்து நெடுநேரம் காற்றாட விட்டு, வெளியே ஓர் ஆளை நிறுத்திவிட்டு, விரிசல் பாருங்கள். கழிவுநீர்த் தொட்டி பக்கத்தில் இருந்தால் அதை நகர்த்துங்கள். ஓட்டைச் சம்ப்புக்கு ஃபில்டர் போடுவது, நெருப்பை விட்டுவிட்டுப் புகையைத் துரத்துவது போல.

மூன்று: மணல் ஃபில்டர் முழு வீட்டுக்கும் போடலாம். ஆனால் வாரம் ஒரு தடவை எதிர்த்திசையில் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். பத்து அங்குல உருளை வடிகட்டுவது மணிக்கு ஆயிரம் லிட்டர் என்றால், அதைக் கழுவ ஆயிரத்து ஐநூறாவது வேண்டும். பம்பு அந்த அளவுக்குத் தள்ளாவிட்டால் அழுக்கு உள்ளேயே இறுகும். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் ஒரு பிரஷர் கேஜ் வையுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் ஏறிக்கொண்டே போனால் கழுவும் நாள் வந்துவிட்டது. கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள். பத்து நிமிஷத்தில் இருநூற்றைம்பது லிட்டர். 2019-ல் அதற்காகத்தான் ராத்திரி விழித்திருந்தோம். எங்கள் வீட்டில் அது தென்னைக்குப் போகிறது.

நான்கு: குளோரினை மாடி டேங்க் வரைக்கும் உயிரோடு கொண்டு போங்கள். அடுப்படிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கட்டும். கார்பன் ஃபில்டர் கடைசியில், குடிக்கும் குழாய்க்குப் பக்கத்தில், அதற்குப் பிறகு யூ.வி. விளக்கு. இப்போது எங்கள் வீட்டில் அப்படித்தான்.

ஐந்து: ஆர்.ஓ. எல்லாருக்கும் தேவையில்லை. வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் கொடுக்க, அதைவிட அதிகமான தண்ணீரை வெளியே தள்ளும். டி.டி.எஸ். 500-க்குக் குறைவான இடங்களில் அதைத் தடை செய்ய வேண்டும் என்று 2019 மே மாதம் தேசிய பசுமைத் தீர்ப்பாயமே சொன்னது. டி.டி.எஸ். மீட்டர் கிருமியைக் காட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள். எங்கள் வீட்டில் குழந்தை படுத்த அன்றும் டி.டி.எஸ். நன்றாகத்தான் இருந்தது.

முடிக்கிறேன். செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

சம்ப்பைச் சரி செய்து, கார்பனை இடம் மாற்றி, மறுபடி மூன்று பாட்டில் அனுப்பி, மூன்றும் சுத்தம் என்று காகிதம் வந்த அன்று அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். மடித்து சாமி அலமாரியில் வைத்தார். மறுநாள் ஐந்தரைக்குப் பாத்திரம் அடுப்பில் ஏறும் சத்தம் கேட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

வேலை செய்யும் அக்கா இன்றும் இரண்டு குடம் பிடிக்கிறார். மாதம் ஒரு தடவை அவரையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அந்த மாத்திரையைப் போட்டுக் காட்டுகிறேன். ரோஸ் வந்ததும் தலையை ஆட்டிவிட்டுக் குடத்தைத் தூக்குகிறார். என் வீட்டுத் தண்ணீருக்கு அவர்தான் இன்ஸ்பெக்டர். அவர் தெருவில் குழாய்த் தண்ணீர் ஒழுங்காக வரும்வரை நம் வீட்டு ஃபில்டரெல்லாம் பாதி வேலைதான் என்பதும் எனக்குத் தெரிகிறது. சிவில் படிக்கும் தம்பி தங்கைகள் அதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அந்த வேலை உங்களுடையது.

கடைசியாக ஒன்று. நான் இன்று மூன்று பாட்டில் கொண்டு வந்திருக்கிறேன். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு. கெமிஸ்ட்ரி டிபார்ட்மெண்டில் கொடுத்துவிட்டுப் போகிறேன். முதல் வருஷ மாணவர்கள் பரிசோதனை செய்து பாருங்கள். விடை என் பையில் இருக்கிறது, சொல்ல மாட்டேன். பக்கத்தில் இருப்பவன் என்ன எழுதினான் என்று பார்க்காதீர்கள். அந்த நீலம் வரும்வரை சொட்டு விடுங்கள். அது வரும்.